கவிழ்த்து வைத்த தலைக்கவசம்

ஜூன் 11

நெடுங்கல்மேட்டிலிருந்து மண்கட்டி வந்து சேர்ந்தது. மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பதைத் தனியாக எடுத்தால் உதிர்ந்துவிடும் என்று, குழியிலேயே மண்ணோடு சேர்த்து மாவுக்கட்டுச் சுற்றி, அறுத்து எடுத்திருக்கிறார்கள். இனி ஆய்வகத்தில் வைத்து மண்ணை நீக்கிச் சுத்தம் செய்வது என் வேலை.

கற்பதுக்கை ஒன்றில் கிடைத்ததாம். நான்கு பக்கமும் பலகைக் கல் நட்டு மேலே ஒரு கல்லால் மூடிய பழைய புதைகுழி. அந்தச் சரளை மண்ணில் எலும்பு நிற்காது. சில பற்கள் மட்டும் மிச்சம். தலை இருந்திருக்கக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் இது, பச்சைக் களிம்பு ஏறி, கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

பதிவேட்டில் என்ன பொருள் என்று எழுத வேண்டும். வெளியே தெரிந்த வளைவைப் பார்த்து ‘வெண்கலக் கிண்ணம், பெரியது’ என்று எழுதினேன்.

மாலை ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை.

ஜூன் 13

எக்ஸ்ரே எடுத்தோம். படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஆய்வக உதவியாளர் ஷாஜகான் அண்ணன் கூப்பிட்டார்.

“அம்மிணி, இங்க வாங்க. உங்க கிண்ணத்துக்கு நெத்தி இருக்குது.”

உண்மைதான். விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, குறுக்கே ஒரு பட்டை. இரண்டு முனையிலும் ஆணி. கிண்ணத்துக்கு எதற்கு நெற்றிப்பட்டை?

இயக்குநர் திலகவதி மேடம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “தீர்த்தகிரிக்கு அனுப்பும்மா. அவன் இதைப் படிக்கத்தானே ஜெர்மனி போயிருக்கான்” என்றார்.

தீர்த்தகிரி போன வருடம் ஆகஸ்டில் போனவர். அதற்கு முன் ஒரு பருவம் முழுக்க நெடுங்கல்மேட்டில் அவர் குழிகளை வரைய, நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். ‘சார்’ என்று கூப்பிட்டதற்கு, “சார்னு கூப்பிடாதீங்க, வயசான மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து அவரை நான் எதுவும் கூப்பிடுவதில்லை.

‘வணக்கம். இது என்ன என்று பார்க்க முடியுமா?’ என்று எழுதிப் படத்தை அனுப்பினேன். இதை எழுதக் கொஞ்ச நேரம் ஆனது.

உடனே பதில் வந்தது. ‘கோகிலா!! எதையும் தொடாதீங்க. நாளைக்குக் கூப்பிடுறேன்.’

பெயருக்குப் பின்னால் இரண்டு ஆச்சரியக்குறி. எக்ஸ்ரேவைப் பார்த்த ஆச்சரியம்.

ஜூன் 14

வீடியோவில் பேசினார். தாடி வைத்திருக்கிறார். மெலிந்திருக்கிறார்.

“அது ரோமானிய ஹெல்மெட். சிப்பாய் போடுறது. நெத்தியில இருக்கிற பட்டை வாள்வெட்டைத் தாங்குறதுக்கு. பின்னாடி கழுத்தை மறைக்கிற மாதிரி ஒரு தகடு நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு கன்னத்துக்கும் தகடு தொங்கும். உச்சியில ஒரு குமிழ் இருக்கும், அதுல குஞ்சம் செருகுவாங்க. கழுத்துத் தகட்டைப் பாருங்க கோகிலா. சில பேரு அதுல தன் பேரைப் புள்ளிபுள்ளியாக் குத்தி வச்சிருப்பாங்க. பேரு மட்டும் கெடச்சா…”

கையை விரித்தார், அவ்வளவுதான்.

ஷாஜகான் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்பவே ஹெல்மெட் கட்டாயம் போலிருக்குதுங்க சார். நம்மூர்ல இப்பவும் எவனும் போட மாட்டேங்கறான்.”

தீர்த்தகிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறவில்லை.

பதிவேட்டில் ‘கிண்ணம்’ என்பதை அடித்துவிட்டு ‘தலைக்கவசம், ரோமானியம்’ என்று எழுதினேன்.

ஜூன் 26

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, கூர்கத்தியால் களிம்பை மயிரிழை மயிரிழையாக நீக்குகிறேன். ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி அகலம் முடிந்தால் பெரிய காரியம்.

நாள்தோறும் ஒரு படமும் ஒரு கேள்வியும் அனுப்புகிறேன். நேற்று, நெற்றிப்பட்டை தனியாக வார்த்ததா என்று. இன்று, வெண்கலத்தில் தகரம் எவ்வளவு கலந்திருப்பார்கள் என்று. எதைக் கேட்டாலும் பொறுமையாக எழுதுகிறார். கேள்வி இல்லாமல் எழுதுவது முறையல்ல. அவருக்கு அங்கே வேலை இருக்கும்.

ஜூலை 4

கேள்வி கிடைக்கவில்லை. எழுதவில்லை.

ஜூலை 5

உச்சியில் குமிழ் இல்லை. கேள்வி கிடைத்தது.

‘ஒடஞ்சிருக்கும்’ என்று பதில் எழுதினார். கூடவே மழையில் நனைந்த ஒரு தெருவின் படம். அது எதற்கு என்று தெரியவில்லை. தவறுதலாக வந்திருக்கலாம்.

ஜூலை 19

மேடம் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். தீர்த்தகிரியின் பல்கலைக்கழகமும் நாங்களும் சேர்ந்து ஒரு பெரிய திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறோம். தலைப்பு, ‘நெடுங்கல்மேட்டு யவன வீரனின் புதைகுழி’. இங்கேயே வாழ்ந்து, இங்கேயே செத்து, நம் முறைப்படி புதைக்கப்பட்ட ஒரு ரோமானியச் சிப்பாய். தலையில் போட்ட கவசம் சரிந்து பக்கத்தில் விழுந்திருக்கிறது. இப்படி ஒன்று நமக்குக் கிடைத்ததே இல்லை என்றார்.

திட்டம் கிடைத்தால் தை மாதம் தீர்த்தகிரி திரும்பி வருவார். இரண்டு வருடம் நெடுங்கல்மேட்டிலேயே இருந்து மேடு முழுவதையும் தோண்டுவார்.

விண்ணப்பத்தோடு கவசத்தின் நிலை பற்றிய அறிக்கையும் வைக்க வேண்டும். அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அக்டோபர் மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். “இங்க இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்குது கோகிலா. ஹீட்டர் மேல வச்சிப் பாத்துட்டேன். ஊருக்கு வந்துடணும். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் இருந்தது.

ஆகஸ்ட் 6

கழுத்துத் தகட்டுக்கு வந்துவிட்டேன். தகடு இல்லை.

உடையவில்லை. உடைந்த உலோகம் பல்லுப்பல்லாக இருக்கும். இதை உளியால் வெட்டி, அரத்தால் ராவி, கையில் கீறாதபடி விளிம்பை மழுக்கியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் இருக்கும் அதே பச்சைக் களிம்பு வெட்டின் மேலும் இடைவெளியில்லாமல் ஓடுகிறது. ஆக, மண்ணுக்குள் போகும் முன்பே வெட்டியிருக்கிறார்கள். உச்சியை மறுபடி பார்த்தேன். குமிழும் உடையவில்லை, ராவி எடுக்கப்பட்டது. அந்த இடம் இப்போது தட்டை.

பெயர் இருந்திருக்கக்கூடிய இடம்தான் போயிருக்கிறது.

அவரிடம் சொன்னேன். “சண்டையில நசுங்கியிருக்கும். அதனால வெட்டியிருப்பான். சிப்பாய்ங்க அப்படிச் செய்வாங்க” என்றார். இருக்கலாம்.

ஆகஸ்ட் 21

அம்மாவுக்குக் கைவிரல் இடுக்கில் மறுபடி சேற்றுப்புண். மருந்து வாங்கிக் கொடுத்தேன். தண்ணீரில் கை வைக்காதே என்றால், “அப்பறம் எதுல வெக்கறது?” என்கிறாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவளிடம் வேறு என்ன சொல்வது.

செப்டம்பர் 3

கன்னத் தகடுகள் மாட்டும் ஆணித்துளைகள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி எக்ஸ்ரே எடுத்தோம். துளைகள் இருக்கின்றன. அவற்றை ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.

“எங்கூட்டு அண்டாவுக்கு எங்கம்மா இப்படித்தான் அடைக்கக் குடுக்கும்” என்றார் ஷாஜகான் அண்ணன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் அம்மிணி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே?”

இல்லை என்றேன்.

செப்டம்பர் 10

அடைத்த துளைகளின் படத்தை இன்னும் அனுப்பவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 14

ஞாயிறு. ஆவணியின் கடைசி முகூர்த்தம். அம்மாவின் விரல் ஆறவில்லை என்பதால் நானும் மண்டபத்துக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுமுறை நாளெல்லாம் போனவள்தான். பட்டம் வாங்கிய பிறகு இதுதான் முதல் தடவை. பின்கட்டில் இருந்த அக்காமார்களுக்குச் சந்தோஷம்.

“பாரு பழனாத்தா, உம்பட புள்ள எம்ஏ படிச்சும் சட்டி கழுவ மறக்கல.”

“அவ ஆபீசுலயும் அதத்தானடி பண்றா” என்றாள் அம்மா. “ரெண்டாயிரம் வருசத்துச் சட்டிய.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாம்பார் அண்டா கழுவினேன். உள்ளே கை வட்டமாகப் போகும். வெளியே மேலும் கீழுமாகப் போகும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, பாத்திரத்தின் வடிவம் கையை அப்படி இழுக்கிறது.

கழுவி முடித்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காய்ச்சலோ என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 15

விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கவசத்தின் உட்புறத்தைப் பார்த்தேன்.

வட்டமான கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கில். வெளியே மேலும் கீழுமாக. மண்ணோ சாம்பலோ போட்டுத் தேய்த்த கீறல்கள். அடிப்பக்கம், அதாவது உச்சி, தேய்ந்து தேய்ந்து மற்ற இடத்தில் பாதி கனம்கூட இல்லை. ஒரு வருடத்தில் இப்படித் தேயாது.

பிறகு குழியின் வரைபடத்தை எடுத்தேன். கறுப்புச் சிவப்பு மண்கிண்ணங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன. எல்லாம் கவிழ்த்து வைத்தவை. வரிசையின் கடைசியில் கவசம், அதுவும் கவிழ்த்து. தலைக்குப் பக்கத்தில் கிடந்தது தலையிலிருந்து சரிந்தது என்று நாங்கள் நினைத்தது, அது தலைக்கவசம் என்று தெரிந்ததால்தான். கிண்ணம் என்றே நினைத்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது.

இதைப் புழங்கியது ஒரு வீடு. குழியில் இருப்பவர் யார் என்று இது சொல்லாது. சிப்பாய் என்று நிச்சயமாகச் சொல்லாது.

எனக்கு இது தெரியும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 19

வெயில். மின்சாரம் இல்லை. வேலை ஓடவில்லை.

செப்டம்பர் 22

‘ரொம்ப நாளாக் கேள்வியே காணோம்?’ என்று எழுதியிருந்தார்.

வேலை அதிகம் என்று பதில் எழுதினேன்.

அக்டோபர் 4

விண்ணப்பத்தின் முதல் வடிவத்தை மேடம் படிக்கக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது. அதில் அந்தச் சிப்பாய் கப்பலில் வருகிறான், மலைக்கணவாய் வழியாக நடந்து வருகிறான், நொய்யல் கரையில் நீலமணி வாங்க வந்த வணிகர்களுக்குக் காவல் நிற்கிறான், திரும்பிப் போகாமல் இருந்துவிடுகிறான். படிக்கும்போது எனக்கே அவன் இருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

இருந்துவிடுகிறான் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அக்டோபர் 9

மண்டபத்திலிருந்து பழைய வெண்கல உருளி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அதன் உள்பக்கத்திலும் கவசத்தின் உள்பக்கத்திலும் ரப்பர் அச்சு எடுத்து, இரண்டையும் நுண்ணோக்கியில் பக்கம் பக்கமாக வைத்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தவறாக இருக்க வேண்டும் என்றுதான் மூன்று இடத்தில் அச்சு எடுத்தேன்.

அக்டோபர் 10

மேடத்திடம் சொன்னேன். அறைக்கு வெளியே இரண்டு தடவை வந்து திரும்பிப் போன பிறகு சொன்னேன்.

முழுவதும் கேட்டார். நுண்ணோக்கியில் பார்த்தார். “முதல்ல எப்படித் தோணுச்சு உனக்கு?”

என்னால் தரையைத்தான் பார்க்க முடிந்தது. “அம்மா மண்டபத்துல பாத்திரம் கழுவறாங்க மேடம். நானும் கழுவியிருக்கறேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “வீரன் கல்லறைன்னா திட்டம் கெடைக்கும். சட்டின்னா கெடைக்காது. தெரியும்ல?”

“தெரியுங்க மேடம்.”

“அவன் வர முடியாது.”

“தெரியுங்க.”

மேடம் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கோப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, “பொய்யான தலைப்புல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா அவன்கிட்ட நீயே சொல்லிடு. பேப்பர்ல பாத்து அவன் தெரிஞ்சுக்க வேண்டாம்” என்றார்.

அக்டோபர் 11

சொல்லிவிட்டேன். அச்சுகளையும் ஈயம் அடைத்த துளைகளையும் குழி வரைபடத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

முதலில் சிரித்தார். “என் ஹெல்மெட்டைச் சட்டியாக்கிட்டீங்க.”

“நான் ஆக்கலீங்க. அவங்கதான் ஆக்குனாங்க.”

“யாரு அவங்க?”

“வெச்சிருந்தவங்க.”

“சரி, அந்தச் சிப்பாயே வெச்சிருந்தான்னு வைங்க. இங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவன் பொண்டாட்டி ஹெல்மெட்டை எடுத்து ரசம் வெச்சா. ஏன் இருக்கக் கூடாது?”

“இருக்கலாங்க. ஆனா குழியில இருக்கறது அவருன்னு சொல்ல ஒண்ணும் இல்லீங்க.”

“நான் சொல்றேன்ல.” கொஞ்சம் கோபம்தான். பிறகு குரல் இறங்கிவிட்டது. “கோகிலா, இப்போதைக்கு ‘பயன்பாடு தெளிவில்லை’ன்னு மட்டும் எழுத முடியாதா? பொய் இல்லை அது. திட்டம் வரட்டும். நான் வந்துடுறேன். வந்து ரெண்டு பேருமாப் பாத்து முடிவு பண்ணலாம்.”

அவர் பின்னால் ஜன்னல். வெளியே இலையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. ரெண்டு பேருமா என்று சொன்னார்.

“தெளிவா இருக்குதுங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். இணைப்பு அறுந்தது. அவர் அணைத்தாரா, தானாக அறுந்ததா, தெரியவில்லை.

அக்டோபர் 24

அறிக்கை கொடுத்துவிட்டேன். வெட்டு, ராவிய குமிழ், ஈயம், கீறல், வரிசை. எழுதக்கூடியதெல்லாம் அதில் இருக்கிறது. எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வெண்கலம் அந்தக் காலத்தில் சும்மா கிடைக்கிற பொருளல்ல. உருக்கி வளையல் வார்த்திருக்கலாம், விற்றிருக்கலாம். விற்கவில்லை. அது எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விட்டுப் போனவர் வருவார் என்று நினைத்திருந்தால் கழுத்துத் தகட்டை வெட்டியிருக்க மாட்டார்கள். வெட்டினால் அது மறுபடி தலைக்கு ஆகாது. ஆக, வரமாட்டார் என்று ஒரு நாள் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு கொல்லனிடம் கொண்டு போயிருக்கிறார்கள். அதன் பிறகும் கையைவிட்டுப் போகவிடாமல், தினமும் தேய்த்து, சாகும்போது கூடவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆதாரம் இல்லை. அவர் கேட்டால் சிரிப்பார்.

நவம்பர் 17

விண்ணப்பம் ‘நெடுங்கல்மேட்டு வீட்டுப் புழக்கப் பொருள்கள்’ என்ற தலைப்பில் போனது. இந்த ஆண்டு இல்லை என்று பதில் வந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 6

அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் முன் கவசத்தைத் தாங்கியில் பொருத்த வேண்டும். ஹெல்மெட் மாதிரிக் கவிழ்த்து வைப்பதா, பாத்திரம் மாதிரி நிமிர்த்தி வைப்பதா என்று மேடம் கேட்டார். எப்படி வைத்தாலும் பாதிதான் சொன்ன மாதிரி. கிடந்தபடியே மண்கிண்ணங்களின் வரிசையில் வைக்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

“யாருக்கும் எதுன்னே தெரியாதே” என்றார் ஷாஜகான் அண்ணன்.

“குனிஞ்சு பாத்தாத் தெரியுங்ண்ணா.”

டிசம்பர் 12

தீர்த்தகிரி கூப்பிட்டார். அக்டோபருக்குப் பிறகு இப்போதுதான். செங்கடல் கரையில் ஒரு பழைய துறைமுகத்தைத் தோண்டுகிற குழுவில் வேலை கிடைத்திருக்கிறது. எகிப்து. மூன்று வருடம்.

“உங்க ரிப்போர்ட்டை இங்க எல்லாருக்கும் காட்டினேன். என் புரொபசர் ரெண்டு தடவை படிச்சாரு. அது சட்டிதான் கோகிலா. நான்தான் ஹெல்மெட்டாவே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. “அங்க வெயிலாங்க?” என்றேன்.

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். கண் இமைத்தது.

“இத்தனை மாசத்துல ஹெல்மெட்டைத் தவிர நீங்க கேட்ட மொதல் கேள்வி இது, தெரியுமா?”

“உங்களுக்கு வேலை இருக்குமேன்னு…”

“இருந்துச்சு” என்றார். “ஆனாலும் கேட்டிருக்கலாம்.”

அதற்குப் பிறகு கிளம்பும் தேதி, விமானம், தாடியை எடுக்கப் போவது என்று ஏதேதோ பேசினார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

டிசம்பர் 13

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 8

பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள், வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பத்துவிரல் ரேகையும் பதித்தார்கள். விரல் நுனிகள் தேய்ந்திருப்பதால் இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார்கள்.

படித்தவள் என்பதால் கேள்வி அதிகம் இல்லை என்றார் அங்கிருந்த அதிகாரி அம்மாள். பிறந்த ஊர், அப்பா பெயர், விலாசம் கேட்டார். எந்த நாட்டுக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.